கலையிலும் கதையிலும் பாட்டிலும் கிறிஸ்தவப் புனிதர்கள்



ஜூலை மாதம் பிறந்துவிட்டால் நம் பைராம் தோட்டத்திலும், நிபோங் திபால் வட்டாரத்திலுள்ள மற்றத் தோட்டங்களிலும் ஒரு பேச்சு எழும். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு எந்த வண்டி போகிறது, யார் யார் வருகிறார்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். அப்படிக் கேட்பவர்களில் வேதக்காரர்களும் உண்டு. முருகனையும் மாரியம்மனையும் கும்பிடுகிறவர்களும் உண்டு. நம் வீட்டுச் சுவர்களிலும் அப்படித்தான். பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், கையில் குழந்தையை ஏந்திய அந்தோணியார் படம் தொங்குவதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இந்தப் படங்களைப் பற்றி நம்மிடம் கேட்பதுண்டு. “இதெல்லாம் உண்மையிலேயே நடந்ததா?” என்பதுதான் அவர்கள் கேள்வி. “எல்லாம் நடந்ததுதான்” என்று சொன்னால், ஆராய்ந்து பார்க்கும் பழக்கம் அந்தப் பிள்ளைக்கு வராமல் போகும். “எல்லாம் கட்டுக்கதை” என்று தள்ளிவிட்டால், பாட்டன் பாட்டி வழியாக வந்த பாட்டும் கதையும் அதன் கையைவிட்டுப் போய்விடும். இரண்டுமே நட்டந்தான். ஆகவே, புனிதர்களைப் பற்றி வழங்குவனவற்றில் வரலாறு எது, மக்கள் சொன்ன கதை எது, ஓவியரும் புலவரும் சேர்த்தது எது என்று இன்று பிரித்துப் பார்ப்போம்.

புனிதர் என்றால் யார்? நல்வாழ்வு வாழ்ந்து மறைந்த ஒருவருடைய வாழ்க்கையை ஆராய்ந்து, அவர் வணக்கத்துக்குரியவர் என்று கத்தோலிக்கத் திருச்சபை அறிவித்தால், அவரைப் புனிதர் என்கிறோம். பழைய செபப் புத்தகங்களில் பெயருக்கு முன்னால் ‘அர்ச்.’ என்று போட்டிருப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அது ‘அர்ச்சியசிஷ்ட’ என்ற சொல்லின் சுருக்கம். இப்போது அதைத்தான் ‘புனித’ என்று எழுதுகிறோம்.

முதலில் நம் நாட்டு மண்ணில் நடமாடிய ஒருவரைப் பார்ப்போம். அவர் சவேரியார். 1506-ஆம் ஆண்டு இன்றைய ஸ்பெயின் நாட்டிலுள்ள நவார் பகுதியில் பிறந்தவர். 1542-இல் கோவாவுக்கு வந்தார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறைக்குப் போனார். அங்கிருந்த பரதவ மக்களின் மொழி அவருக்குத் தெரியாது. தமிழ் தெரிந்தவர்களை உடன் வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழில் ஆக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக ஆட்டிப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். இது அவரே எழுதிய கடிதங்களால் தெரிய வருவது. ஆகவே வரலாறு.

1545-இல் அவர் மலாக்காவுக்கு வந்தார். அங்கிருந்து மொலுக்காஸ் தீவுகளுக்கும், பின்னர் ஜப்பானுக்கும் போனார். 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனாவின் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார். அவருடைய உடலை 1553-இல் மலாக்காவுக்குக் கொண்டுவந்து, மலைமேல் இருந்த கோயிலில் அடக்கம் செய்தார்கள். சில மாதங்கள் கழித்துக் கோவாவுக்கு எடுத்துச் சென்றார்கள். மலாக்கா மலையில் அந்தக் கோயிலின் இடிந்த சுவர்களும், அவரை அடக்கம் செய்த குழியும் இன்றும் உள்ளன. இதுவும் வரலாறு.

இனிக் கதைக்கு வருவோம். மொலுக்காஸ் கடலில் அவர் போய்க்கொண்டிருந்தபோது புயல் எழுந்ததாம். தம்மிடமிருந்த சிலுவையைக் கடல்நீரில் தோய்த்தாராம்; அது கைநழுவி விழுந்துவிட்டதாம். மறுநாள் கரையில் நடந்துபோகும்போது, ஒரு நண்டு அந்தச் சிலுவையைத் தன் கொடுக்குகளில் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்ததாம். அவர் அந்த நண்டை ஆசீர்வதித்தார். அன்றுமுதல் அதன் ஓட்டில் சிலுவை அடையாளம் விழுந்தது என்பது கதை. முதுகில் சிலுவைபோலக் கோடு உள்ள நண்டு உண்மையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு மீனவர்கள் அதைச் சிலுவை நண்டு என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்டதும் நமக்கு வேறொரு கதை நினைவுக்கு வர வேண்டும். சேது அணை கட்டும்போது மணல் சுமந்து உதவிய அணிலை இராமர் தடவிக்கொடுத்தார், அதனால்தான் அதன் முதுகில் மூன்று கோடுகள் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்தக் கதைதான். அணிலுக்குக் கோடு இயற்கையாக வந்தது; நண்டின் குறியும் அப்படித்தான். சவேரியார் கடல் கடப்பதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த நண்டு இனம் கடலில் இருந்தது. கண்ணால் காணும் ஓர் அதிசயத்துக்கு மக்கள் காரணம் கற்பிக்கிறார்கள். அந்தக் காரணத்தைத் தாங்கள் நேசிக்கும் ஒருவரோடு சேர்த்துவிடுகிறார்கள். சிறிய உயிரின் உதவியையும் பெரியவர்கள் மறப்பதில்லை என்பது இரண்டு கதைகளும் தரும் பாடம். நண்டின் முதுகை ஆராய்ந்து அந்தப் பாடத்தை அழிக்க வேண்டியதில்லை. பாடத்தைக் காப்பாற்றுவதற்காக விலங்கியலை மறுக்க வேண்டியதும் இல்லை.

கதை பிறப்பது பழங்காலத்தில் மட்டும் என்று எண்ண வேண்டாம். மலாக்கா மலையில் சவேரியாருக்கு ஒரு வெண்ணிறச் சிலை இருக்கிறது. அதற்கு வலக்கை இல்லை. சிலையை நிறுவிய சில நாளில் மரம் ஒன்று சாய்ந்து கையை உடைத்துவிட்டது என்று சொல்வார்கள். 1614-இல் சவேரியாருடைய வலக்கையின் முன்பகுதியை எடுத்து ரோமாபுரிக்கு அனுப்பினார்கள் என்பது வரலாறு. மக்கள் இரண்டையும் சேர்த்து, உடலில் இல்லாத கை சிலையிலும் நிற்கவில்லை என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சிலை இருபதாம் நூற்றாண்டில் வைத்தது. நம் பெற்றோர், பாட்டன்மார் காலத்திலேயே ஒரு கதை முளைத்து, கிளைவிட்டிருக்கிறது பாருங்கள்!

அடுத்தவர், நமக்கு மிக அருகில் இருக்கும் அன்னம்மாள். இயேசுநாதரின் தாய் மரியாள். மரியாளின் தாய் அன்னம்மாள். புக்கிட் மெர்தாஜாமில் அவர் பெயரால் 1846-இல் வழிபாட்டிடம் தொடங்கியது. இப்போது பழைய கோயில் என்று நாம் சொல்வது 1888-இல் கட்டியது. அவசரகாலத்தில் அந்தப் பகுதி ஆள் நடமாட்டம் தடைப்பட்ட கறுப்புப் பகுதியாகி, கோயில் வெறிச்சோடிக் கிடந்தது. பின்னர் மீண்டும் உயிர்பெற்றது. 2002-இல் பெரிய புதிய ஆலயம் எழுந்தது. 2019-இல் ‘பசிலிக்கா’ என்ற சிறப்பு நிலையும் கிடைத்தது. ஜூலை 26 திருநாள். சீனர், தமிழர், யுரேசியர், சபா சரவாக் மக்கள் எல்லாரும் மெழுகுவத்தி ஏந்தி வருவதை அங்கே காணலாம்.

அன்னம்மாள் என்ற பெயர் விவிலியத்தில் எங்கேயும் இல்லை என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் அது உண்மை. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த வேறொரு நூலில்தான் அவருடைய கதை வருகிறது. அந்த நூலைத் திருச்சபை விவிலியத்தில் சேர்க்கவில்லை. என்றாலும் அதிலுள்ள கதையை மக்கள் விடவில்லை.

கதை இதுதான். அன்னம்மாளும் அவர் கணவர் சுவக்கீனும் வசதியுள்ளவர்கள். ஆனால் பிள்ளை இல்லை. சுவக்கீன் கோயிலுக்குக் காணிக்கை கொண்டுபோனபோது, பிள்ளை இல்லாதவன் முன்னால் நிற்கக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அவர் மனம் நொந்து, வீட்டுக்கும் திரும்பாமல், மந்தை மேய்ப்பவர்கள் இருக்கும் காட்டுக்குப் போய்விட்டார். அன்னம்மாள் தோட்டத்தில் தனியே உட்கார்ந்திருந்தார். மரத்தில் ஒரு குருவிக்கூடு தெரிந்தது. பறவைக்கும் விலங்குக்கும் குஞ்சும் குட்டியும் உண்டே, எனக்கு இல்லையே என்று அழுதார். பிறகு வானதூதர் இருவரிடமும் தனித்தனியே வந்து நற்செய்தி சொன்னார். கணவர் திரும்பி வருவதை அறிந்து அன்னம்மாள் ஓடிச்சென்று வாசலில் அவரைக் கட்டிக்கொண்டார். பிறந்த குழந்தைதான் மரியாள்.

தாய்மார்களே, இந்தக் கதை ஏன் இத்தனை நூற்றாண்டு வாழ்ந்தது என்று சொல்லவும் வேண்டுமா? பிள்ளை இல்லாதவளை நல்ல காரியத்தில் முன்னே நிற்க விடாத வழக்கம் நம்மிடையேயும் இருந்தது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது. வளைகாப்பு வீட்டில் ஓரமாக நின்ற பெண்கள் நம் லயங்களிலும் உண்டு. குருவிக்கூட்டைப் பார்த்து அழுத அன்னம்மாளின் மனம் அவர்களுக்கு உடனே புரியும். பிள்ளை வரம் கேட்டுச் செல்கிறவர்கள் எந்த மதத்தவராக இருந்தாலும் அந்த மலையடிவாரத்துக்குப் போவதற்கு இதுவே காரணம். ஆனால் கதை நமக்கு இன்னொன்றும் சொல்கிறது. தவறு அன்னம்மாளுடையது அன்று. கோயில் வாசலில் தடுத்தவர்களுடையது. இதை நாம் மறந்துவிட்டு மெழுகுவத்தி மட்டும் ஏற்றினால் கதையைப் பாதிதான் கேட்டவர்களாவோம்.

இனி ஓவியத்தைப் பார்ப்போம். 1305-ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியில் படுவா நகரத்துச் சிற்றாலயம் ஒன்றின் சுவரில், கணவனும் மனைவியும் வாசலில் சந்திக்கும் காட்சியை ஜொட்டோ என்னும் ஓவியர் தீட்டினார். இரண்டு முகங்களும் ஒன்றாக ஒட்டியிருக்கும். வயதானவர்களின் அன்பை அவ்வளவு மதிப்போடு காட்டிய படங்கள் குறைவு. லியோனார்டோ டா வின்சியும் அன்னம்மாளை வரைந்தார். தாயின் மடியில் மகள், மகளின் கைக்கெட்டும் இடத்தில் பேரன் என்று மூன்று தலைமுறையை ஒரே படத்தில் வைத்தார். 1519-இல் அவர் இறந்தபோதும் அந்தப் படம் முழுமை பெறவில்லை. இன்று பாரிஸ் நகரத்து லூவர் காட்சிசாலையில் இருக்கிறது.

ஆனால் அன்னம்மாளை நாம் அதிகம் காண்பது வேறொரு கோலத்தில். கையில் புத்தகம், பக்கத்தில் சிறுமி மரியாள், தாய் மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். பல கோயில்களில் சிலையே இப்படித்தான் இருக்கும். இந்தக் காட்சி விவிலியத்திலும் இல்லை. முன்பு சொன்ன பழைய நூலிலும் இல்லை. பதினான்காம் நூற்றாண்டு வாக்கில் ஐரோப்பாவில் ஓவியர்களும் சிற்பிகளும் இதைப் படைக்கத் தொடங்கினார்கள். அக்காலத்துத் தாய்மார் செபப் புத்தகத்தை வைத்துத் தங்கள் பெண்களுக்கு எழுத்துக் கற்பித்தார்கள். தம் வீட்டில் கண்டதை ஓவியர் புனிதையின் வீட்டில் வைத்துவிட்டார். பிறகு வந்த தாய்மார், அன்னம்மாளே செய்தாரே, நாமும் செய்வோம் என்று அதைப் பார்த்துக் கற்பித்தார்கள். வாழ்க்கையைப் பார்த்து ஓவியம் பிறந்தது. ஓவியத்தைப் பார்த்து வாழ்க்கை வளர்ந்தது. ஆசிரியர்களாகிய நமக்கு எல்லாப் படங்களிலும் இந்தப் படத்தின்மேல் தனிப்பற்று உண்டு. பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று தோட்டத்தில் யாராவது கேட்டால், இந்தப் படத்தைக் காட்டலாம் அல்லவா?

மூன்றாவதாகப் பாட்டுக்கு வருவோம். மரியாளின் கணவர் சூசையப்பர் தச்சுத் தொழிலாளி. விவிலியத்தில் அவர் வாய்திறந்து பேசிய ஒரு சொல்கூட இல்லை. பேசாத அந்தத் தொழிலாளியைக் காப்பியத் தலைவனாக்கித் தமிழில் ஒரு பெருநூல் எழுந்தது. அதுதான் தேம்பாவணி. பாடியவர் வீரமாமுனிவர், இத்தாலி நாட்டில் 1680-இல் பிறந்த பெஸ்கி பாதிரியார். பரமார்த்த குருவின் கதையை எழுதியவரும், எகர ஒகரக் குறில் நெடில் எழுத்துகளில் இன்று நாம் பின்பற்றும் வேறுபாட்டைக் கொண்டுவந்தவரும் அவரே என்பது மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

தேம்பாவணி மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள் கொண்டது. அதில் சூசையப்பருக்கு வளன் என்று பெயர். யோவானுக்குக் கருணையன் என்று பெயர். யூதேயா நாடு வறண்ட பூமி. ஆனால் முனிவர் பாடும்போது அங்கே ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது, சோலைகள் குளிர்கின்றன. கம்பர் கோசல நாட்டுக்குக் காவிரி வளத்தைக் கொடுத்ததுபோல, இவரும் யூதேயாவுக்குத் தமிழ்நாட்டு வளத்தைக் கொடுத்தார். தவறான பூகோளம் என்று இதைத் தள்ளலாமா? தள்ளக்கூடாது. பிற நாட்டிலிருந்து வந்த கதையைத் தமிழர் நெஞ்சில் நடுவதற்குத் தமிழ் மண்ணையே பாத்தியாக்கினார் என்று கொள்ள வேண்டும்.

சூசையப்பரைப் பற்றி இன்னொரு செய்தி. அவருக்கு மார்ச் 19-இல் திருநாள் உண்டு. அதோடு 1955-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் என்னும் போப்பாண்டவர், மே முதல் நாளையும் ‘தொழிலாளரான சூசையப்பர்’ திருநாளாக அறிவித்தார். மே தினம் தொழிலாளர் நாள் என்பது நமக்குத் தெரியும். உளியும் இழைப்புளியும் பிடித்த கைக்கு அந்த நாளிலே விழா எடுத்தார்கள். பால் வெட்டிய கைக்கும், செம்பனைக் குலை அறுத்த கைக்கும் அதில் பங்கு உண்டு.

கற்றவர்க்குக் காப்பியம், மற்றவர்க்கு அம்மானையும் கும்மியும் கூத்தும். வீரமாமுனிவரே கித்தேரியம்மாள் என்ற புனிதையின் கதையை, எளியவர்களும் பாடும்படி அம்மானையாகப் பாடினார். இலங்கையில் மன்னார், யாழ்ப்பாணம் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் எஸ்தாக்கியார் போன்ற புனிதர்களின் கதைகளை நாட்டுக்கூத்தாக ஆடி வந்தார்கள். அங்கே அண்ணாவியார் பாட, மீனவரும் உழவரும் ராசா வேடமும் புனிதர் வேடமும் கட்டினார்கள்.

கடைசியாக ஒரு தமிழ்ப் புனிதரைப் பார்ப்போம். கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர் நீலகண்டர். திருவாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் அரண்மனை அலுவலர். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் என்பவரோடு பழகிக் கிறிஸ்தவத்தை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். குருவானவர் அல்லர், மனைவியோடு வாழ்ந்த குடும்பத்தவர். உயர்குலத்தவர் என்ற வேலியைத் தாண்டி, ஒதுக்கப்பட்ட மக்களோடு கலந்து பழகினார். 1749-இல் சிறைப்பட்டார். எருமைமேல் பின்புறமாக உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள் என்பர். 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். மதம் மாறியதற்காகத் தண்டித்தார்களா, அரசியல் காரணமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

மக்கள் அவரை எப்படி நினைவில் வைத்தார்கள்? பாறையிலே வைத்தார்கள். தாகத்தால் வாடிய அவர் முழங்கையால் பாறையை இடித்தார், தண்ணீர் சுரந்தது என்று புலியூர்க்குறிச்சியில் ஒரு பாறையைக் காட்டுகிறார்கள். அதற்கு முட்டிடிச்சான் பாறை என்று பெயர். காற்றாடிமலையில் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறை ஒன்று உண்டு. அது மணியடிச்சான் பாறை. பாட்டிலும் நாடகத்திலும் வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள், ஆடினார்கள். ரோமாபுரி அவரைப் புனிதராக அறிவித்தது 2022 மே 15-இல்தான். அவர் இறந்து 270 ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த இடைக்காலம் முழுவதும் பெயரைக் காத்தவர்களில் எழுத்தறியாத எளிய மக்களே பெரும்பாலோர். அவர்கள் பாட்டை நிறுத்தியிருந்தால், ஆராயவும் அறிவிக்கவும் பிற்காலத்தில் என்ன மிஞ்சியிருக்கும்?

நேயர்களே, இந்த இடத்தில்தான் நம் தோட்டத்து மக்கள் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். நம் வட்டாரத்தில் கரும்பு நட்டவர்கள், பிறகு ரப்பர் நட்டவர்கள், காய்ச்சலில் மாண்டவர்கள், பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாக வளர்த்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குப் படமும் இல்லை, சிலையும் இல்லை. இருந்தது தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனபோது, அந்தப் பாட்டுகள் சாமான் வண்டியில் ஏறவில்லை. அவற்றை அறிந்த கிழவிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பலர் இல்லை.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுச் சுவரிலுள்ள படம் எதுவானாலும், எந்தச் சமயத்துப் படமானாலும், அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இவர் எங்கே, எப்போது வாழ்ந்தார்? அது வரலாறு. இவரைப் பற்றி மக்கள் என்ன சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள்? அது கதை. படம் வரைந்தவர் தாமாக எதைச் சேர்த்தார்? அது கலை. மூன்றையும் பிரித்தறிந்த பிள்ளை எதையும் இழக்காது. நண்டைக் கண்டால் விலங்கியலும் சொல்லும். சவேரியார் கதையும் சொல்லும்.

பிறகு, பாட்டி பாடும் பாட்டு ஒன்றைப் பிள்ளையின் கையால் ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்தாலும் சரி. பாடியவர் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், ஆண்டையும் கீழே எழுத மறக்க வேண்டாம். புத்தகத்தைப் பிடித்திருக்கும் அன்னம்மாளின் படத்துக்கு, நம் வீட்டில் நாம் செய்யும் மரியாதை அதுவாக இருக்கட்டும்.